இரண்டாவது சாவி

பல் டாக்டரைப் பார்க்கக் கிளம்பிய ஹார்மன் அங்கே போய்ச் சேரவில்லை. நெதர்லாந்தில், க்ரோனிங்கனுக்குத் தெற்கே இருக்கும் அந்தச் சின்ன ரயில் நிலையத்தைச் சைக்கிளில் கடக்கும்போது, வரிசையாக நின்ற சைக்கிள்களுக்கு நடுவில் ஒரு பச்சைச் சைக்கிள் கண்ணில் பட்டது. அதன் பின் மட்கார்டு மட்டும் வெள்ளை. ஹார்மன் அப்படியே பிரேக்கைப் பிடித்தார். பின்னால் பெட்டி வைத்த சைக்கிளில் இரண்டு குழந்தைகளை வைத்து மிதித்துக்கொண்டு வந்த பெண் இவர் மேல் மோதாமல் ஒடித்துத் திருப்பி, "நடு ரோட்ல என்னய்யா கனவு?" என்று கத்திவிட்டுப் போனாள். அவர் காதில் ஏறவில்லை.

அந்த மட்கார்டுக்கு வெள்ளைப் பெயிண்ட் அடித்தது அவர் மகள் இல்சே. அடித்த அன்று சமையலறைத் தரையெல்லாம் சொட்டுச் சொட்டாகக் கிடந்தது. மார்ச் மாதத்தில் ஒரு நாள், நூலக வாசலில் வைத்திருந்தேன், வந்து பார்த்தால் காணோம் என்று சொல்லிக்கொண்டு நடந்தே வீட்டுக்கு வந்தாள். அந்தச் சைக்கிள்தான் இது. ஹார்மன் குனிந்து பிரேமில் பொறித்திருந்த எண்ணைப் படித்தார். சந்தேகமே இல்லை. ஊரில் மற்ற தகப்பன்களுக்குப் பிள்ளைகளின் பிறந்தநாள் மனப்பாடமாக இருக்கும். இவருக்குச் சைக்கிள் எண்கள்தான் மனப்பாடம்.

அவர் பிழைப்பு அப்படி. ஒரு காப்பீட்டு நிறுவனத்தில், சைக்கிள் திருட்டுப் போய்விட்டது, பணம் கொடுங்கள் என்று வருகிறவர்களை விசாரிக்கும் வேலை. இந்த ஊரில் சைக்கிள் திருட்டு மழை மாதிரி. யார் தலையிலும் விழும். வருகிறவர்களில் பாதிப் பேர் நிஜமாகவே பறிகொடுத்தவர்கள், மீதிப் பேர் மச்சினனுக்கு விற்றுவிட்டு இங்கே வந்து மூக்கைச் சிந்துகிறவர்கள். இரண்டையும் பிரிக்க ஹார்மனிடம் ஒரே கேள்விதான்: "ரெண்டு சாவியும் எங்கே?" புதுச் சைக்கிள் வாங்கினால் பூட்டுக்கு இரண்டு சாவி தருவார்கள். நிஜமாகத் தொலைத்தவன் இரண்டையும் மேஜையில் வைப்பான். விற்றவன் ஒன்றைத்தான் வைப்பான். மற்றது சைக்கிளோடு போயிருக்கும். ஒரு சாவி மட்டும் வந்தால் கோரிக்கை செல்லாது. அழுதாலும் செல்லாது. அந்த நிமிடம் எதிரில் இருப்பவரின் கண் எங்கே ஓடும் என்பது வரைக்கும் ஹார்மனுக்குத் தெரியும்.

அப்படிப்பட்ட மனிதர், இல்சே ஒரே ஒரு சாவியை மேஜையில் வைத்துவிட்டு, "இன்னொண்ணு எங்கயோ விழுந்துடுச்சுப்பா" என்றபோது என்ன செய்தார்? திட்டினார். பொறுப்பில்லாமை, அசட்டை, இந்தக் காலத்துப் பிள்ளைகள் என்று அரைமணி நேரம் விடாமல் திட்டினார். அவர் மனைவி வில்மா அந்த நேரம் பூராவும் பாத்திரம் கழுவும் தொட்டிப் பக்கமே திரும்பி நின்றாள். கழுவ அங்கே ஒரே ஒரு தட்டுதான் இருந்தது. ஊரார் பொய்யையெல்லாம் மோப்பம் பிடித்தவருக்கு வீட்டில் மூக்கடைப்பு!

இப்போது அவர் செய்ததும் இங்கே எல்லோரும் செய்வதுதான். காணாமல் போன உன் சைக்கிளை எங்கேயாவது பார்த்தால் தூக்கிக்கொண்டு ஓடாதே. ஓடினால் நீதான் திருடன் போல இருப்பாய். உன் பூட்டை அதன் மேல் போட்டுவிடு, பிறகு போலீஸைக் கூப்பிடு. ஹார்மன் பையில் எப்போதும் ஒரு சங்கிலி உபரியாகக் கிடக்கும். மணிக்கட்டுப் பருமன். பெயிண்ட் உரசாமல் இருக்க, நீலக் கட்டம் போட்ட பழைய சமையலறைத் திரைச்சீலையை வில்மா அதற்கு உறையாகத் தைத்துப் போட்டிருந்தாள். அந்தச் சங்கிலியை முன்சக்கரம், பிரேம், இரும்புக் கம்பம் மூன்றையும் சேர்த்துச் சுற்றினார். சங்கிலி தரையில் படக்கூடாது. பட்டால் திருடன் தரையில் வைத்துச் சுத்தியலால் ஒரே அடி. சாவித்துளை கீழே பார்த்திருக்க வேண்டும். எல்லாம் சரி. பின்சக்கரத்தில் சைக்கிளோடு வந்த வளையப் பூட்டு ஏற்கெனவே பூட்டியிருந்தது. திருடிய சைக்கிளைப் பூட்டி வைத்திருக்கிறானே, என்ன திண்ணக்கம் பாருங்கள் என்று அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

போலீஸுக்குப் போன் போட்டார். எண்ணைச் சொன்னார். அந்தப் பக்கத்துக் குரல் கொஞ்ச நேரம் தட்டிப் பார்த்துவிட்டு, "இந்த நம்பர்ல திருட்டுப் புகார் எதுவும் பதிவாகலையே சார்" என்றது.

"என் மகள் கொடுத்திருக்கா. உங்க கம்ப்யூட்டர்ல கோளாறு."

"இருக்கலாம். யாராவது எடுக்க வந்தா உடனே கூப்பிடுங்க. பக்கத்துல ஆள் இருந்தா அனுப்புறோம்."

இல்சேயைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லையே! சைக்கிளை உருட்டிக்கொண்டு போய் வாசலில் நிறுத்தி, மணியடித்து, அவள் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று ஆசை. அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுச் சிரித்து ரொம்ப நாளாகியிருந்தது.

காரணம் யோரிட். ஹார்மனின் மகன். போன இலையுதிர் காலத்தில் படிப்பை விட்டுவிட்டு வந்து நின்றான். அதே வாரம் அப்பாவின் சைக்கிளை இரவல் வாங்கிப் போய், மதுக்கடைச் சுவரில் சாத்திவிட்டு உள்ளே போயிருக்கிறான். வளையப் பூட்டு மட்டும் போட்டான், சங்கிலி போடவில்லை. வெளியே வந்தால் வெறும் சுவர். ஒவ்வொரு வசந்தத்திலும் வில்மாவோடு கடற்கரை வரை போய் வந்த சைக்கிள் அது. ஹார்மனுக்கு ஆத்திரம் என்றால் அப்படி ஆத்திரம். சாப்பாட்டு மேஜையில் வைத்து, "ஒரு சங்கிலி போடத் துப்பில்லாதவன் எந்த வேலையில நிலைக்கப் போறே? இந்த வீட்டுச் சாவியையும் எங்கயாவது தொலைச்சு எங்களை நடுத்தெருவுல நிறுத்துவே. அதையும் கொடுத்துட்டுப் போ" என்றார்.

போ என்றது ஒரு பேச்சுக்கு. பையன் சாவியைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தான், எழுந்தான், போய்விட்டான்.

அன்றிலிருந்து ஹார்மன் அவனைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. எங்கே இருக்கிறான், என்ன சாப்பிடுகிறான் என்று வில்மாவுக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். கேட்டால் தோற்றதாகிவிடும் என்று ஒரு வீம்பு. ஆனால் காலை ரொட்டியில் தூவிக்கொள்ளும் சாக்லேட் தூவல் இருக்கிறதே, அந்த வீட்டில் அதைச் சாப்பிடுகிறவன் யோரிட் ஒருவன்தான். ஹார்மன் மாதா மாதம் அதில் ஒரு பெட்டி வாங்கி வந்து அலமாரியில் வைப்பார். "தள்ளுபடியில போட்டிருந்தான்" என்பார். திறக்காத பெட்டிகள் வரிசையாக நின்றன. வில்மா தூசி துடைக்கும்போது அவற்றை எடுத்து, துடைத்து, திரும்ப அங்கேயே வைப்பாள். மகன் ஒரு நாள் கதவைத் தட்டிவிட மாட்டானா என்பதைத் தவிர அந்த மனிதருக்கு வேறு ஏக்கம் கிடையாது. வாயைத் திறந்து சொல்லத்தான் வரவில்லை.

சரி, ரயில் நிலையத்துக்கு வருவோம். எதிரே மீன் வண்டி ஒன்று நின்றது. ஹார்மன் அதன் ஓரத்தில், சைக்கிள் தெரிகிற மாதிரி, தான் மட்டும் தெரியாத மாதிரி நின்றுகொண்டார். மீன் பொரித்துக்கொண்டிருந்த பெரெண்ட் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தான்.

"என்ன சார், மீனும் வாங்க மாட்டேங்குறீங்க, நகரவும் மாட்டேங்குறீங்க. என் வண்டியை நோட்டம் பாக்குறீங்களா?"

"திருடனுக்காகக் காத்திருக்கேன்."

"இந்த ஊர்லயா? அப்ப ஏன் நிக்கிறீங்க, எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒருத்தன் வருவானே." பெரெண்ட் சிரித்தான். "எனக்கு எத்தனை சைக்கிள் போச்சுன்னு எண்ணுறதையே விட்டுட்டேன். கடைசியா போனதை ஒருத்தன் எனக்கே விக்க வந்தான்."

"நீங்க என்ன பண்ணீங்க?"

"பேரம் பேசி வாங்கினேன். பெல்லு புதுசா மாத்தியிருந்தான் சார், அதைப் பாராட்டணும்ல?"

ஹார்மனுக்குச் சிரிப்பு வரவில்லை. "உங்களை மாதிரி ஆளுங்களாலதான் திருட்டுத் தொழில் நடக்குது" என்றார். பிறகு மனசு கேட்காமல் உபதேசம் வேறு: ரெண்டு பூட்டு போடணும், ரெண்டும் வேற வேற ஜாதியா இருக்கணும், கம்பத்தோட சேத்துக் கட்டணும், எல்லாத்துக்கும் மேல பக்கத்துச் சைக்கிளைவிட நல்லாப் பூட்டியிருக்கணும். பெரெண்ட் தலையாட்டிக்கொண்டே மீனைத் திருப்பிப் போட்டான்.

"எந்தச் சைக்கிள் சார்? அந்தப் பச்சையா? அதை நெட்டையா ஒரு பையன்தானே எடுப்பான். ரயிலை விட்டு இறங்கி, கால்வாய்க்கு அந்தப் பக்கம் இருக்கிற சீஸ் கிடங்குக்குப் போறவன். நல்ல பையன். ஒரு நாள் என் குடை காத்துல பறந்துச்சு, ஓடிப் போய்ப் பிடிச்சுக் கொடுத்தான்."

"திருட்டுப் பயல்ல நல்லவன் வேறயா?" என்றார் ஹார்மன். "அவனைச் சொல்லிக் குத்தமில்ல. வளத்தவங்களைச் சொல்லணும்."

இந்த வார்த்தையை அப்புறம் எத்தனை தடவை நினைத்து நினைத்து வாயில் அடித்துக்கொண்டாரோ.

ரயில் வந்தது. கூட்டம் பிதுங்கி வெளியே வந்து சைக்கிள்களின் மேல் விழுந்தது. எங்கும் பூட்டுத் திறக்கும் சத்தம். தொப்பிச் சட்டையை நெற்றி வரை இழுத்துவிட்ட ஒரு நெட்டை உருவம் நேராகப் பச்சைச் சைக்கிளிடம் போனது, பையிலிருந்து சாவியை எடுத்தது, பின்சக்கரப் பூட்டைத் திறந்தது. ஹார்மன் போனைக் காதில் வைத்தார். "வந்துட்டான். வாங்க." ஓஹோ, இல்சே தொலைத்த சாவியைப் பொறுக்கியவன்தான் திருடனா என்று அந்த நேரத்திலும் அவர் மூளை கணக்குப் போட்டது பாருங்கள்.

அந்த உருவம் சைக்கிளைப் பின்னால் இழுத்தது. வரவில்லை. குனிந்து பார்த்தது. எட்டி உதைக்கவில்லை, திட்டவில்லை. சங்கிலியைக் கையில் எடுத்து, நீலக் கட்டத் துணியைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தது. பிறகு தொப்பியைப் பின்னால் தள்ளிவிட்டு மெதுவாக நிமிர்ந்து சுற்றிலும் பார்த்தது.

யோரிட்.

இளைத்திருந்தான். தாடி விட்டிருந்தான். அவன் கண் மீன் வண்டிக்கு வந்தது, நின்றது. ஒளிந்து நின்ற அப்பனை, காதில் போனோடு நின்ற அப்பனைப் பார்த்துவிட்டான். இனி நிற்க முடியாது. ஹார்மன் தெருவைக் கடந்தார். எத்தனை ராத்திரி படுக்கையில் கிடந்து ஒத்திகை பார்த்திருப்பார்! பார்த்ததும் தோளில் கை வைக்க வேண்டும், அன்று சொன்னது தப்பு என்று சொல்ல வேண்டும், வாடா என்று கூப்பிட வேண்டும். எல்லாம் நெஞ்சில் இருந்தது. நாக்கில் சனி உட்கார்ந்திருந்தது.

"அப்ப அந்த ரெண்டாவது சாவி உன்கிட்டதான் இருந்துச்சா?" என்றார்.

யோரிட் கையிலிருந்த சாவியைத் தூக்கிக் காட்டினான்.

"ஆமாப்பா. என்கிட்டதான். இல்சே கொடுத்தா. நான் திருடலை."

"அப்ப ஏன் திருட்டுப் போச்சுன்னு..."

"எனக்குக் கொடுத்துட்டேன்னு அவ சொல்லியிருந்தா நீங்க விட்டிருப்பீங்களா? ஸ்டேஷன்லேருந்து கிடங்குக்கு பஸ் கிடையாது. அவளாத்தான் கொண்டாந்து கொடுத்தா. அம்மாவுக்கும் தெரியும்."

எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. ஒற்றைத் தட்டைக் கழுவிக்கொண்டு நின்ற வில்மாவின் முதுகு ஹார்மன் கண் முன்னால் வந்தது. ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் ஒரு போலீஸ்காரப் பெண் சைக்கிளிலேயே வந்து இறங்கினாள்.

"கூப்பிட்டது நீங்களா? இவரா ஆளு?"

"இல்லம்மா. இல்ல, தப்பு நடந்துபோச்சு. இவன் என் மகன்."

அவள் இவரைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், சங்கிலியைப் பார்த்தாள். "வீட்டுச் சண்டைக்கெல்லாம் எங்களை இழுக்காதீங்க சார்" என்று சொல்லிவிட்டு ஏறிப் போய்விட்டாள்.

"போலீஸைக் கூப்பிட்டீங்களா?" என்றான் யோரிட். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால்கூடத் தேவலை.

"நீன்னு தெரியாதுடா. சத்தியமாத் தெரியாது."

"தெரிஞ்சப்புறம்தானேப்பா சாவியைக் கேட்டீங்க?"

அவன் அப்பாவின் கையைப் பிடித்து விரித்து, உள்ளங்கையில் சாவியை வைத்து, விரல்களை மூடினான். "இந்தாங்க. இப்ப ரெண்டும் உங்ககிட்ட இருக்கு." திரும்பி நடக்க ஆரம்பித்தான்.

"நில்லுடா! திறந்து தர்றேன், எடுத்துட்டுப் போ!" ஹார்மன் சாவிக்கொத்தை எடுத்தார். வீட்டுச் சாவி, கொட்டகைச் சாவி, அலுவலகச் சாவி, ஏழெட்டுப் பூட்டுச் சாவி. எல்லாம் ஒரே மாதிரி பல்லைக் காட்டின. சாவித்துளையோ கீழே பார்த்திருந்தது. மண்டியிட்டுத் தேடித் தேடிக் குத்தினார். திருடன் திணற வேண்டும் என்று பூட்டியது, பூட்டினவரே திணறினார். சங்கிலி கழன்று விழும்போது யோரிட் தெருக்கோடியில் இருந்தான். அவனோடு வேலை பார்க்கிறவள் போலிருக்கிறது, ஒரு பெண் சைக்கிளில் வந்து வேகத்தைக் குறைத்தாள். இரண்டு எட்டு ஓடி அவளுடைய கேரியரில் தாவி உட்கார்ந்தான். நெட்டைக் கால்கள் இரண்டும் ஒரு பக்கமாகத் தொங்கின. திரும்பிப் பார்ப்பான் என்று ஹார்மன் நினைத்தார். பார்க்கவில்லை. தும்பை விட்டு வாலைப் பிடிப்பது என்பார்களே, இங்கே வாலும் கையில் சிக்கவில்லை.

பெரெண்ட் வண்டிக்குள்ளிருந்தே கேட்டான், மெதுவாக: "சார், அது உங்க பையனா?"

"ஆமா."

"நான் நல்ல பையன்னுதான் சார் சொன்னேன்" என்றான் பெரெண்ட்.

தன் சைக்கிளில் ஏறி, ஒரு கையால் பச்சைச் சைக்கிளைப் பக்கத்தில் உருட்டிக்கொண்டு ஹார்மன் வீட்டுக்குப் போனார். எதிர்க்காற்று. வழியில் இரண்டு முறை யோரிட்டுக்குப் போன் போட்டார். மணி அடித்து அடித்து நின்றது. வாசலுக்கு வந்தபோது வில்மா சமையலறை ஜன்னல் வழியாகப் பச்சைச் சைக்கிளைப் பார்த்துவிட்டாள். கையில் இருந்த துணியோடு வெளியே ஓடி வந்தாள்.

"இது எப்படி உன்கிட்ட வந்துச்சு?"

"ஸ்டேஷன்ல பாத்தேன். அவனையும் பாத்தேன்."

"சண்டை போட்டியா? ஹார்மன், உண்மையைச் சொல்லு, சண்டை போட்டியா?"

"இல்ல. சண்டை இல்ல." அது உண்மைதான். சண்டை போடக்கூட அவன் நிற்கவில்லையே.

வில்மா அவரை உள்ளே இழுத்துக்கொண்டு போய் நாற்காலியில் உட்கார வைத்தாள். தானும் உட்கார்ந்தாள். காபியை அவர் முன்னால் தள்ளினாள். அவள் முகத்தில் பயமும் வேறு ஏதோவும் கலந்து கிடந்தது.

"இனிமே மறைச்சு என்ன. ஞாயித்துக்கிழமை என் பிறந்தநாளுக்கு வரேன்னு சொல்லியிருக்கான். எத்தனை வாரமாக் கெஞ்சினேன் தெரியுமா? 'அப்பா மூஞ்சில எப்படிம்மா முழிக்கிறது, பாத்த உடனே நான் தொலைச்ச அந்தச் சைக்கிளைப் பத்தித்தான் ஆரம்பிப்பாரு'ன்னான். நான் சொன்னேன், 'உங்கப்பாவை எனக்குத் தெரியும்டா. வாய்தான் அப்படி. உன்னைப் பாத்தா முதல்ல நீ எப்படி இருக்கேன்னுதான் கேப்பாரு. பந்தயமே கட்டுறேன்'னேன். அதுக்கப்புறம்தான் சரின்னான்."

ஹார்மன் காபிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாத்ததும் என்ன கேட்ட?" என்றாள் வில்மா. "முதல்ல என்ன கேட்ட?"

மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தவர்கள் எத்தனையோ பேரை ஹார்மன் பார்த்திருக்கிறார். பொய் சொல்லப் போகிறவன் எதிராளியின் கண்ணைப் பார்க்கமாட்டான். கோப்பையையோ, மோதிரத்தையோ, மேஜைக் கீறலையோ பார்ப்பான். அவர் கோப்பையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"எப்படிடா இருக்கேன்னு கேட்டேன்" என்றார்.

வில்மா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். கண் நிறைந்து வழிந்தது. "நான் சொன்னேன்ல! நான் சொன்னேன்ல அவன்கிட்ட!" எழுந்து வந்து அவர் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்து அழுத்திக்கொண்டாள். "அவன் என்ன சொன்னான்?"

"நல்லா இருக்கேன்னான்."

"அப்புறம் சைக்கிளை ஏன் உன்கிட்ட விட்டுட்டான்?"

ஒரு பொய்யோடு எவன் நிறுத்தியிருக்கிறான்? "ஞாயித்துக்கிழமை வந்து எடுத்துக்கிறேன்னான்."

வேறு யாராவதாக இருந்தால் அடுத்த கேள்வி கேட்டிருப்பார்கள். ஹார்மனே நூறு கேள்வி கேட்டிருப்பார். வில்மா கேட்கவில்லை. முகத்தைத் துணியால் துடைத்துக்கொண்டு கூடத்துக்கு ஓடி, இல்சேக்குப் போன் போட்டாள். "அப்பாவும் அவனும் பேசிட்டாங்கடி! ஆமாடி, உங்கப்பாதான் முதல்ல பேசினாராம்!" என்று அவள் சிரித்துக்கொண்டே அழுவது சமையலறை வரை கேட்டது. அந்தக் குரலைக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று! ஹார்மனுக்கு மேஜையில் தலையை முட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. எழுந்து போய், இல்லை வில்மா, நான் அப்படிக் கேட்கவில்லை என்று சொல்லிவிடலாம். இப்போதே சொல்லிவிடலாம். எழுந்திருக்கவில்லை.

அவள் ஒரு கூடை ஆப்பிளோடு திரும்பி வந்தாள். "கேக்கு பெரிசாப் பண்ணணும். அவனுக்குப் பட்டை தூக்கலா இருக்கணும். சும்மா உக்காந்திருக்காதே மனுஷா, இதைத் தோல் சீவு" என்று கத்தியை அவர் கையில் கொடுத்தாள்.

"இப்பவேயா?" என்றார். "அதுக்குள்ள கறுத்துப் போகாதா?"

"வேக வச்சு எடுத்து வச்சுக்கிறேன். எனக்குக் கை சும்மா இருக்க மாட்டேங்குது."

ஹார்மன் ஓர் ஆப்பிளை எடுத்துச் சீவ ஆரம்பித்தார். அன்று வியாழக்கிழமை.